கேட்டார்களா அவளை?

"புதிய மருந்தா? எங்கள் பிள்ளை என்ன, சோதனை எலியா?"

புற்றுநோய் என்ற சொல்லை உச்சரிக்கவும் அஞ்சும் வீடுகளில் எழும் கேள்வி இது. விளாத்திகுளத்துக் கரிசல் சிற்றூர்களிலும் எழும். அச்சத்தை அறியாமை என்று ஒதுக்கிவிட முடியுமா?

2009இல், அன்றைய ஆந்திரத்தின் கம்மம் மாவட்டத்தில், 10 முதல் 14 வயதுச் சிறுமியர்க்குக் கருப்பைவாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசி ஆய்வுத் திட்டமாகப் போடப்பட்டது. இசைவு தந்தவர் யார்? சிறுமியரா, பெற்றோரா? 2013இல் நாடாளுமன்ற நிலைக்குழு தந்த அறிக்கையைப் பாருங்கள்: 9,543 படிவங்களில் 2,763இல் ஒப்பமிட்டோர் விடுதிக் காப்பாளர்கள்! தடுப்பூசி நல்லதுதான், அக்காலத்தில் நேர்ந்த சாவுகளுக்கும் அது காரணமன்று என்றே விசாரணைக் குழு கருதியது. ஊசி நல்லதென்பதால் ஒப்பம் நேர்மையானதாகிவிடுமா? பெரியவர் கையெழுத்திட்டால் போதும், பிள்ளை வாய்பொத்தி நிற்கும் என்பது நம் பள்ளிக்கூடங்களில் ஊறிய பழக்கம். அப்பழக்கம் ஊசி முனைவரை சென்றிருக்கிறது.

எனவே சோதனையே வேண்டாம் என்று கதவடைப்போமா? அதுவும் அநீதியே என்பேன்.

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954இல் தோன்றியது அடையாறு புற்றுநோய் மருத்துவமனை. அதுவும், மும்பை டாட்டா நினைவு மருத்துவமனையும், தில்லி எய்ம்ஸும் 1980களில் அமெரிக்க அறிஞர் இயன் மாக்ராத்துடன் கூடி, இரத்தப் புற்றுநோய்க்கு ஒரே சிகிச்சை முறையைக் கைக்கொண்டன. எம்.சி.பி. 841 என்பது அதன் பெயர். 25 வயதுக்குட்பட்ட ஆயிரத்துக்கும் மேற்பட்டோர்க்கு அது தரப்பட்டது, விளைவுகள் பதிவாயின. மிகச் சிலரே பிழைத்துவந்த நோயில், ஏறத்தாழப் பாதிப் பேர் மீளும் நிலை பிறந்தது. அவர்கள் மறுத்திருந்தால் பின்வந்தோர் எதை நம்பியிருப்பர்?

இன்னொன்று. 16 முதல் 20 வயதுக்குட்பட்ட 321 பேரின் முடிவுகளை அமெரிக்காவில் 2008இல் ஒப்பிட்டனர். குழந்தைகளுக்கான ஆய்வு முறையில் சேர்ந்தவர்களில் நூற்றுக்கு 67 பேர் ஏழாண்டின் பின்னும் உயிரோடிருந்தனர். பெரியவர்க்கான முறையில் சேர்ந்தவர்களில் 46 பேரே. அதே நோய், அதே வயது! எந்த வாயிலில் நுழைந்தார் என்பதே வேறுபாடு. சோதனையில் சேர்த்துக் கணக்கு வைத்ததால் இது தெரிந்தது. ஆனால் பல நாடுகளில் இந்த வயதினரே சோதனைகளில் மிகக் குறைவாகச் சேர்கின்றனர். குழந்தைகள் பிரிவுக்கு மூத்தவர், பெரியவர் பிரிவுக்கு இளையவர்!

யாரைக் கேட்பது? 12 முதல் 18 வயதினரிடம், பெற்றோர் இசைவோடு அவர்களது எழுத்து உடன்பாடும் வேண்டும் என்கிறது, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017ஆம் ஆண்டு நெறிமுறை. வீடுகளோ நோயின் பெயரையே பிள்ளையிடம் மறைக்கின்றன. "தெரிந்தால் மனம் உடைந்துவிடுவாளே" என்பர். முடி கொத்தாய் உதிர்வதைக் காண்பவள் அவள். பக்கத்துக் கட்டில் காலியாவதையும் காண்பவள். நாளை தாயாக முடியுமா, பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு எழுத முடியுமா என்ற கேள்விகளும் அவளுடையவை. நாம் காப்பது அவள் மனத்தையா, நம் மனத்தையா?

இதனினும் கடினமானது வறுமை. மிளகாய் வத்தல் விற்ற பணத்தில், 500 கிலோமீட்டருக்கு அப்பால் அடையாறு செல்லும் குடும்பத்திடம் "சோதனையில் சேர்ந்தால் மருந்து இலவசம்" என்றால், அது வேண்டுகோளா, நெருக்குதலா? நான் வைக்கும் உரைகல் ஒன்றே: மறுத்தாலும், நடுவில் விலகினாலும், வழக்கமான சிகிச்சை அவளுக்குக் குறைவின்றிக் கிடைக்குமா? கிடைக்குமானால் அவள் இசைவு இசைவே. கிடைக்காதெனில், எத்தனை ஒப்பமிருந்தும் அது வெறும் தாளே.

தந்தை 'சரி' என்று, பதினேழு வயது மகள் 'வேண்டாம்' என்றால்? பயன் தெரிந்த வழக்கமான சிகிச்சை கைவசம் இருக்கும்வரை, மகளின் சொல்லே நிற்கவேண்டும் என்பேன். தமிழில் படித்துக் காட்டி, ஓரிரவு எண்ணிப்பார்க்க விட்டு, மறுநாள் அவளையே கேட்கட்டும்.