தழும்பு காட்டாத எண்

1961-இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் எட்வர்ட் லொரன்ஸ் ஒரு சிறு கணினியில் வானிலைச் சமன்பாடுகளை ஓட்டிக்கொண்டிருந்தார். பழைய ஓட்டம் ஒன்றை இன்னும் நீட்டிப் பார்க்க ஆசை. முதலிலிருந்து தொடங்காமல், அச்சுத்தாளின் நடுவிலிருந்து ஒரு வரி எண்களை எடுத்துத் தட்டிவிட்டுக் காபி குடிக்கப் போனார். திரும்பி வந்து பார்த்தால், புது வானிலைக்கும் பழைய வானிலைக்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. வெற்றிடக் குழாய் ஏதோ பழுதாகிவிட்டது என்றே முதலில் சந்தேகித்தார். கணினி நன்றாகத்தான் இருந்தது. அதன் நினைவகத்தில் இருந்த எண் 0.506127, தாளில் இருந்தது 0.506.

ஒழுங்கின்மைக் கோட்பாடு பிறந்த கதையாகவே இதைச் சொல்வது வழக்கம். எனக்கோ இது கோப்பு மாற்றத்தின் கதை. இயந்திரத்துக்குள் இருமமாக இருந்தது மனிதக் கண்ணுக்காக எழுத்தானது; தாளில் இடம் அடைக்க வேண்டாமென்று மூன்று இலக்கத்தோடு நின்றது. விடுபட்டது ஏறக்குறைய நாலாயிரத்தில் ஒரு பங்கு. அதைப் பொருட்படுத்தாத முடிவு அன்றைக்கு நியாயமாகவே பட்டிருக்கும்.

இன்றும் அதே முடிவை எடுத்துக்கொண்டேதான் இருக்கிறோம், பெரும்பாலும் எடுப்பது தெரியாமலே. காலநிலைத் தரவுகள் பலவும் நெட்சிடிஎஃப் என்னும் இரும வடிவில் கிடக்கின்றன. அவற்றை எழுத்தாக்கித் தரும் என்சிடம்ப் என்னும் நிரல், நாம் வேறு சொல்லாவிட்டால், 64 பிட் எண்ணுக்கு 15 இலக்கமே எழுதும். அந்த எண்ணைப் பிசகாமல் மீட்க 17 வேண்டும். எதிர்த்திசையிலும் சிக்கல் உண்டு: நாம் சாதாரணமாக எழுதும் 0.1 இருமத்தில் முழுதாக அடங்குவதில்லை, பதின்மத்தில் மூன்றில் ஒன்று அடங்காததுபோல.

அப்படியானால் இருமத்தையே நம்பிவிடலாமா? பைட்டுகளின் வரிசையைத் தலைகீழாக வாசித்தால் நான்கு பைட்டில் எழுதிய 1 என்ற எண் 1,67,77,216 ஆகிவிடும். கணினி முணுமுணுக்கக்கூடச் செய்யாது. வானியலாளர்கள் இதை முன்பே உணர்ந்தவர்கள். 1981-இல் வெளிவந்த அவர்களுடைய ஃபிட்ஸ் வடிவில், தரவுக்கு முன்னால் 80 எழுத்து வரிகளாக ஒரு தலைப்பகுதி வரும்: எத்தனை பிட், எத்தனை அச்சு, எந்த அலகு. எண்கள் இயந்திரத்துக்கு; வாசிக்கும் முறை மனிதருக்கு.

எழுத்து இலக்கத்தை இழக்கிறது, இருமம் விளக்கத்தை இழக்கிறது. இரண்டிலும் என்னை உறுத்துவது ஒன்றுதான்: வெட்டுப்பட்ட எண் தழும்பு காட்டாது. 0.506 என்பதைப் பார்த்தால் எவருக்கும் அது முழுமையான எண்ணாகவே தெரியும். கையில் கிடைக்கும் எந்த அளவும் யாரோ ஒருவர் 'இது போதும்' என்று நிறுத்திய இடம். அவர் நிறுத்தியது எங்கே, ஏன் என்பதும் அந்த அளவின் ஒரு பகுதியே. அது இல்லாதபோது நாம் அளவை வாங்குவதில்லை, அவருடைய தீர்ப்பைக் கண்ணை மூடிக்கொண்டு வாங்குகிறோம்.

ஆகவே தரவை எழுத்தாக்கி இன்னொருவருக்கு அனுப்புகிறவர்களே, 17 இலக்கமும் எழுதுங்கள். குறைத்தே ஆகவேண்டுமென்றால், குறைத்ததைக் கோப்பின் முதல் வரியிலேயே சொல்லிவிடுங்கள்.