யாருக்குத் தீங்கற்றது?

கொழுந்தெடுப்பதைக் கையின் தொழில் என்பர். பூண்டுலோயாச் சரிவில் அரைநாள் நின்று பார்த்தவர் அவ்வாறு சொல்லார். முற்றிய இலையை விலக்கி, இரண்டிலையும் ஒரு மொட்டும் எதுவெனத் தேர்வது கண்ணேயாம். கண் மங்கினால் நிறை குறையும். நிறை குறைந்தால் அரைப்பேர்தான் விழும். ஆகவே கண் வைத்தியத்தில் தோன்றும் எப்புதுமையும் மலையக மக்களுக்குப் புறம்பான செய்தி அன்று.

அத்தகைய புதுமை ஒன்றைப் பற்றியே இங்குச் சிந்திக்க முற்படுகிறோம். பிள்ளைப் பருவத்திலேயே பார்வையைப் பறிக்கும் லெபர் நோயின் ஒரு வகையில், ஆர்.பி.இ.65 என்னும் மரபணு பழுதுற்றிருக்கிறது. தாய் தந்தை இருவரிடமிருந்தும் பழுதான பிரதி வந்தால்தான் நோய் தோன்றும். மாமன் மகளையும் அத்தை மகனையும் மணக்கும் நம்மிடையே இத்தகைய நோய்களுக்கு வாய்ப்பு மிகுதி. இதை மறைத்துப் பயனில்லை. தீங்கு செய்யாத சிறு வைரஸ் ஒன்றின் மரபணுக்களை அகற்றி, நல்ல மரபணுவை அதில் ஏற்றி, விழித்திரையின் அடியில் 0.3 மில்லிலீட்டர் அளவு செலுத்துகின்றனர். 2017 டிசெம்பரில் அமெரிக்கா அனுமதித்த லக்ஸ்டர்னா என்னும் மருந்து இதுவே.

இம்மருந்து தீங்கற்றதா? இவ்வினாவுக்குப் பின்னால் ஒரு மரணம் இருக்கிறது. 1999 இல் ஈரல் நோய்க்காக வேறொரு வகை வைரஸைப் பெருமளவில் ஏற்றுக்கொண்ட ஜெசி கெல்சிங்கர் என்னும் பதினெட்டு வயது அமெரிக்க இளைஞர், சில நாட்களில் உயிரிழந்தார். முந்தைய பரிசோதனைகளில் கண்ட தீங்குகள் அவருக்கு முறையாக உரைக்கப்படவில்லை என்பதும், ஆராய்ச்சித் தலைவருக்குக் கம்பனி ஒன்றில் பங்கிருந்தது என்பதும் பின்னர் வெளியாயின. கண்ணோ சிறிய, மூடிய உறுப்பு. சிறிதளவு மருந்தே போதும். உடலின் எதிர்ப்புச் சக்தியும் அங்கே அடங்கியே நிற்கும். மருந்து பெற்றவர்கள் முன்னிலும் மங்கிய வெளிச்சத்தில் தடைகளைக் கடந்து நடந்தனர். எனினும் முழுப் பார்வை திரும்புவதில்லை. இறந்த செல்கள் உயிர்ப்பதில்லை. சிலருக்கு ஊசியிட்ட இடத்தருகே விழித்திரை நலிந்ததும் உண்டு.

இவ்வளவும் ஆய்வுகூடம் தரும் விடை. ஆயின் தீங்கின்மை மருந்துக்குள் மட்டும் இருக்கும் குணமா?

2023 இல் நுவரெலியா வைத்தியசாலையில் கண்புரை சத்திரசிகிச்சை செய்துகொண்ட நோயாளர் சிலர் பார்வை இழந்தனர். வைரஸும் இல்லை, மரபணுவும் இல்லை. இறக்குமதியான பிரெட்னிசொலோன் சொட்டு மருந்து. உலகெங்கும் பல்லாண்டு பழகிய எளிய மருந்தே அது. பொருளாதாரம் நொறுங்கி, மருந்துக்குத் தட்டுப்பாடு நிலவிய காலத்தில் அந்தச் சொட்டு அக்கண்களைச் சேர்ந்தது. தயாரித்தவர், வாங்கியவர், பரிசோதிக்க வேண்டியவர் என்னும் சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தாலும் மருந்து நஞ்சாகும். அச்சங்கிலியும் மருந்தின் ஒரு பகுதியே என்கிறோம் நாம்.

இவ்விடத்தில் நம் தோழர்கள் சிலர் குறுக்கிடுவர். "முதலில் கண்ணாடியும் புரைச் சிகிச்சையும் கிடைக்கட்டும், மரபணுவெல்லாம் பணக்காரர் விளையாட்டு" என்பர். விலையைப் பார்த்தால் அவர் கோபம் நியாயமே. அறிமுகமானபோது இரு கண்களுக்கும் எட்டரை லட்சம் டொலர். டொலரை 300 ரூபாயாகக் கொண்டால் 25 கோடிக்கு மேல். 2024 இல் நிர்ணயித்த 1,350 ரூபாய் நாட்கூலியில், ஆண்டுக்கு முந்நூறு நாள் பேர் விழுந்தாலும், அறுநூறு ஆண்டு உழைக்க வேண்டும். இது கணக்கன்று, கேலி.

ஆயினும் அவர் வாதத்தை நாம் ஏற்க முடியவில்லை. வரிசையில் காத்திருக்குமாறு சொல்வது துரைமார் மொழி. 1948 இல் பிரஜாவுரிமை பறிக்கப்பட்டவரின் பேரப்பிள்ளைகள் அதைப் போதுமான அளவு கேட்டாயிற்று. விழித்திரையின் செல்களும் காத்திருப்பதில்லை. கண்ணாடியா மரபணுவா என்ற தேர்வை நம் முன் வைத்தவர் யார் என்றல்லவா கேட்க வேண்டும்?

லயத்துப் பிள்ளை ஒன்று மாலை மங்கலில் வாசற்படி தெரியாமல் தடுமாறுகிறது. வகுப்பில் கரும்பலகை நோக்காது ஜன்னல் வெளிச்சத்தையே வெறித்திருக்கிறது. நாம் அதனை மந்தம் என்று பின்வரிசையில் அமர்த்திவிடுகிறோம். எந்த மரபணு பழுதென்று சோதித்து அறிந்த பின்னரே எந்த மருந்தையும் பற்றிப் பேச முடியும். அந்தச் சோதனைக்கு அப்பிள்ளையை அனுப்பும் முதற் கடிதத்தை எழுத வேண்டியவர் பெரும்பாலும் தோட்டப் பள்ளி ஆசிரியரே.