சுவருக்கு வடக்கே

மீன்பிடித் தொழிலும் இரயில் பாதையும் சேர்ந்து உருவாக்கிய ஊர் இராயபுரம். மீனவராயிருந்த புனித இராயப்பரின் பெயரை அது தாங்கி நிற்பதை நாம் பெருமையோடு சொல்லிக்கொள்கிறோம். ஆயினும் அவ்வூரின் வரலாறு நம்முன் வைக்கும் அறவினாவை நாம் அவ்வளவாக எண்ணிப் பார்ப்பதில்லை.

சென்னைக்குத் துறைமுகம் இல்லாத காலத்தில் கப்பல்கள் கடலில் தொலைவிலேயே நங்கூரமிட்டு நின்றன. ஆணியின்றிக் கயிற்றால் தைத்த மசுலாப் படகுகளில் மக்களையும் சரக்கையும் அலைகளைக் கடந்து கரைசேர்த்தவர்கள் இக்கரையோர மக்களே. 1856 ஜூலை முதல் நாள் இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு நோக்கித் தென்னிந்தியாவின் முதல் பயணிகள் இரயில் போக்குவரத்து தொடங்கியது. உள்நாட்டு உழவர் விளைவித்தது கடற்கரைக்கு விரைந்து வர வழி பிறந்தது. 1875-இல் துறைமுகப் பணியும் தொடங்கிற்று. 1881-ஆம் ஆண்டுப் புயல் அதைச் சிதைத்தது, மீண்டும் கட்டினார்கள். படகோட்டிகளின் தொழில் படிப்படியாக மறைந்தது.

துறைமுகச் சுவர் மற்றொன்றையும் செய்தது. நம் கரையோரத்தில் மணல் ஆண்டின் பெரும்பகுதியில் தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. சுவர் அதைத் தடுத்தது. தெற்கே மணல் சேர்ந்து மெரினா அகன்றது. வடக்கே மணல் வரத்து குறைந்து, இராயபுரம் முதல் திருவொற்றியூருக்கு அப்பாலும் கடல் கரையை அரித்தது. படகை இழுத்தேற்றி வலை உலர்த்திய இடங்களில் இன்று கருங்கற்கள் குவிந்து கிடக்கின்றன.

இதில் குற்றவாளி யார்? தீங்கு செய்யவேண்டுமென எவரும் சுவர் எழுப்பவில்லை. துறைமுகமும் இரயிலும் அவ்வூராருக்கு வேலை தந்தனவே என்றும் சிலர் கூறுவர். உண்மைதான். ஆனால் கூலி உழைப்புக்குத் தரும் விலை. இழந்த கரைக்குத் தரும் ஈடு அன்று. குற்றம் இல்லாத இடத்தில் கடமையும் இல்லை என்று நாம் எளிதில் முடிவு கட்டிவிடுகிறோம். பிறருடைய இழப்பால் வந்த நன்மையை அறிந்தே துய்ப்பவர், தாம் அவ்விழப்பை விளைவிக்காவிடினும், அவர்களுக்குக் கடன்பட்டவரே. மாலையில் மெரினா மணலில் காற்று வாங்கும் நாமும் அக்கடனாளிகளுள் அடங்குவோம்.

பொதுநலன் என்பது பெரும்பான்மையோரின் நலன் மட்டும் அன்று. எவரையும் புறத்தே நிறுத்தாத நலனே பொதுநலன். எண்ணூர்ப் பக்கமும் துறைமுகங்கள் எழுந்துவிட்டன. இனி எங்கே எச்சுவர் எழுந்தாலும், முதற்கல் நாட்டுமுன்னே நாம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: இதற்கு வடக்கே வாழ்பவர் யார்?