கேட்டெழுத்து

விஜயதசமி காலையில் கேரளத்துச் சித்தூரின் தெக்கே கிராமத்தில், துஞ்சன் குருமடத்தின் முன்னால், குழந்தைகளும் தாய்மார்களுமாகக் கூட்டம் நிற்கும். மலையாளத்தின் தந்தை என்று போற்றப்படும் துஞ்சத்து எழுத்தச்சன் தம் கடைசிக் காலத்தைக் கழித்த இடம் என்பார்கள். பிள்ளைக்கு முதல் எழுத்தை அங்கே தொடங்கிவைப்பது எங்கள் பக்கத்து வழக்கம். வீட்டில் தமிழ் பேசும் எங்களைப் போன்றவர்களும் போவோம். தம்பியை அங்கே கூட்டிப்போனபோது எனக்கு எட்டு வயது, அவனுக்கு மூன்று. பெரியவர் ஒருவர் அவன் ஆள்காட்டி விரலைப் பிடித்துத் தாம்பாளத்து அரிசியில் அழுத்தி எழுதவைத்தார். எழுதி முடித்த கையோடு அவன் அந்த அரிசியை அள்ளி வாயில் போட்டுக்கொண்டு சிரித்தான். அம்மா பதறிப்போனார். எழுத்தைச் சாப்பிட்டவனுக்கு அது மறக்காது என்று பெரியவர் சமாதானம் சொன்னார்.

அவன் ஐந்தாம் வகுப்பில் இருந்தபோது வீட்டில் பாடம் சொல்லிக்கொடுக்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. தமிழ் மீடியம்தான். 'பட்டம்' என்ற சொல்லை ஒரு வரியில் சரியாகப் படிப்பான். அடுத்த வரியில் அதையே 'படம்' என்பான். மூன்றாவது வரியில் அதே சொல்லின் முன்னால் வாயடைத்து நின்றுவிடுவான். "இப்பத்தானேடா படிச்சே?" என்று ஸ்கேலால் விரல் மொழியில் அடிப்பேன். "தெரியுதுக்கா, ஆனா வர மாட்டேங்குது" என்பான். திமிர் என்று நினைத்தேன். பாட்டி சொன்ன கதையை ஒரு சொல் விடாமல் திருப்பிச் சொல்கிறவன் நாலு வரி படிக்க மாட்டேன் என்றால் அது சோம்பல்தானே என்று நினைத்தேன். ஏழாம் வகுப்போடு நின்றான். தேங்காய் மண்டியில் வேலைக்குச் சேர்ந்தான். இன்றும் அங்கேதான் இருக்கிறான்.

நான் ஆசிரியை ஆனேன். முதலில் மூணாறு மலையில், தேவிகுளம் தாலுகாவில் ஓர் எஸ்டேட் தமிழ்ப் பள்ளி. பிறகு ஓய்வு பெறும்வரை கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், மீனாட்சிபுரம் என்று எங்கள் எல்லைப்புறத்துப் பள்ளிகள். 1956-ல் மாநிலங்களைப் பிரித்தபோது கோடு எங்களுக்குக் கிழக்கே விழுந்தது. வீட்டில் தமிழ், ரேஷன் கடையில் மலையாளம், சந்தைக்குப் பொள்ளாச்சி, கையெழுத்து வாங்கப் பாலக்காடு. மூணாறு மலையில் இன்னும் கூடுதல். தொழிலாளர் லயத்தில் தமிழ், எஸ்டேட் ஆபீஸில் ஆங்கிலம், தாலுகா ஆபீஸில் மலையாளம். மலையாளத்தைப் பள்ளிகளில் கட்டாயமாக்கிக் கேரளம் 2017-ல் சட்டம் இயற்றியது. ஆங்கிலமும் இந்தியும் ஏற்கெனவே இருந்தன. எங்கள் குழந்தைகள் நாலு வரிவடிவங்களைச் சுமந்துகொண்டுதான் பள்ளியை விட்டு வெளியே வருகிறார்கள்.

இந்த நாலு எழுத்துக்கு நடுவில்தான் என் தம்பியைப் போன்ற குழந்தைகள் காணாமல் போகிறார்கள். இதைச் சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன்.

டிக்டேஷனை எங்கள் பக்கத்தில் கேட்டெழுத்து என்போம். மலையாளத்திலும் அதே சொல்தான். கேட்டெழுத்து நோட்டுகளை அடுக்கிவைத்துத் திருத்தும்போது சிவப்பு வட்டம் இல்லாத பக்கமே கிடைக்காது. தமிழ் வீட்டுக் குழந்தை மலையாளத்தில் 'காந்தி' எழுதினால் முதல் எழுத்தே தவறும். தமிழில் ஒரு 'க' போதும். மலையாளத்தில் நாலு 'க' உண்டு, அதில் மூன்றாவதைப் போட வேண்டும். 'பஸ்' எழுதினாலும் இதே கதைதான். எல்லாக் குழந்தைகளும் செய்கிற தவறு. அதனால் ஆசிரியர் அறையில் எங்களிடம் ஒரு பதில் எப்போதும் தயாராக இருந்தது. மலையாளத்தில் தப்புவிட்டால், "தமிழ் வீடு, அப்படித்தான் இருக்கும்." தமிழில் தப்புவிட்டால், "மலையாளம் கலந்துடுச்சு." முப்பது வருஷம் இந்தப் பதிலை நானும் சொன்னேன். அது பெரும்பாலும் சரியாகவும் இருந்தது. அதுதான் ஆபத்து. முப்பது குழந்தைகளுக்குச் சரியாக இருக்கிற பதில், முப்பத்தோராவது குழந்தையை ஏறெடுத்தும் பார்க்கவிடாது.

அந்த முப்பத்தோராவது குழந்தை எப்படி இருக்கும் என்று இப்போது எனக்குத் தெரியும். மற்றவர்கள் ஒரே தவறைத் திரும்பத் திரும்பச் செய்வார்கள். சொல்லிக்கொடுத்தால் ஒரு மாதத்தில் திருத்திக்கொள்வார்கள். இந்தக் குழந்தை ஒரே பக்கத்தில் ஒரே சொல்லை மூன்று விதமாக எழுதும். மற்றவர்களுக்கு மலையாளத்தில்தான் தடுமாற்றம். இதற்கு வீட்டு மொழியிலும் தடுமாற்றம். பேச்சில் குறை இருக்காது, கேட்டது மறக்காது, காகிதத்தில் வரும்போது மட்டும் எல்லாம் கலையும். சொல்லை ஒலி ஒலியாகப் பிரித்து, ஒவ்வோர் ஒலியையும் அதற்குரிய எழுத்தோடு கோக்கும் வேலை மற்றவர்களுக்குத் தன்னால் நடக்கிறது. இவர்களுக்கு அது ஒவ்வொரு முறையும் புது வேலை. கண்ணில் கோளாறு இல்லை, அறிவிலும் இல்லை. இதற்குப் பெயர் டிஸ்லெக்சியா.

நம் எழுத்து எளிது என்று நாம் நம்பிக்கொண்டிருக்கிறோம். 'கோ' என்று எழுதிப் பாருங்கள். காதுக்கு ஒரே அசை. கண்ணுக்கு இரட்டைக் கொம்பு, க, கால் என்று மூன்று துண்டுகள். கொம்பு க-வுக்கு முன்னால் நிற்கிறது, அதன் ஒலியோ பின்னால் வருகிறது. 'கௌ' என்பதன் கடைசித் துண்டு 'ள' போலவே இருக்கிறது. தமிழைப் போலவே மலையாளத்திலும் கொம்பு முன்னால்தான் நிற்கும். எதையும் ஒன்றுவிடாமல் சொல்வதை மலையாளத்தில் 'வள்ளி புள்ளி விடாதெ' என்பார்கள். வள்ளி என்றால் இகரக் குறி, புள்ளி என்றால் புள்ளி. ஒரு குறியும் விட்டுப்போகாமல் இருப்பதுதான் முழுமை என்று மொழியே சொல்லிவைத்திருக்கிறது. வள்ளியும் புள்ளியும் கையில் நிற்காத குழந்தை இதைக் கேட்டுக்கொண்டு எங்கே போய் நிற்கும்?

இத்தாலி, பிரான்ஸ், இங்கிலாந்து மூன்று நாட்டிலும் டிஸ்லெக்சியா உள்ளவர்களின் மூளையை ஒப்பிட்டு 2001-ல் சயன்ஸ் இதழில் ஓர் ஆய்வு வந்தது. மூளையில் தெரிந்த வேறுபாடு மூன்று நாட்டவருக்கும் ஒன்றுதான். ஆனால் இத்தாலியர்கள் மற்ற இரு நாட்டவரையும்விட நன்றாகப் படித்தார்கள், ஏனென்றால் அவர்கள் எழுத்துமுறை ஒழுங்கானது. 1999-ல் ஜப்பானில் வளர்ந்த ஓர் ஆங்கிலப் பேச்சுக் குடும்பத்துப் பையனைப் பற்றி இன்னொரு கட்டுரை. பதினாறு வயது. ஆங்கிலம் படிக்கத் திணறினான், ஜப்பானிய எழுத்தைச் சிரமமின்றிப் படித்தான். ஒரே பையன், ஒரே மூளை. இதையெல்லாம் படித்தபோது எல்லைப்புறத்தில் இதைவிடக் கூடுதலாக ஆராய வேண்டியிருக்கிறதே என்று தோன்றியது. ஒரு குழந்தையை ஒரு மொழியில் மட்டும் சோதித்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது. மானேசரில் உள்ள தேசிய மூளை ஆராய்ச்சி மையம் இந்திய மொழிகளுக்கென்று சோதனை முறையை 2015-ல் வெளியிட்டபோது, முதலில் வந்தவை இந்தி, மராத்தி, கன்னடம், ஆங்கிலம். என் வகுப்புக் குழந்தை ஒருத்திக்கு ஒரு மருத்துவமனையில் சோதனை முழுவதும் மலையாளத்திலேயே நடந்தது. அவள் மந்த புத்திக்காரி என்று எழுதிக்கொடுத்தார்கள். கேள்விகளைத் தமிழில் யாராவது ஒருமுறை கேட்டிருந்தால் பேசியே அவர்களை அயரவைத்திருப்பாள்.

மூணாறில் எனக்கு வாய்த்த முதல் வகுப்பில் ஒரு பெண் இருந்தாள். கொழுந்து பறிக்கும் தாயின் மகள். வாசிக்கச் சொன்னால் கணீரென்று வாசிப்பாள். ஒருநாள் பக்கத்தில் நின்று கேட்டபோதுதான் தெரிந்தது, அவள் பக்கத்தைப் புரட்டும் நேரமும் வாய் சொல்லும் வரியும் பொருந்தவில்லை. மற்றவர்கள் வாசித்ததைக் காதால் கேட்டுப் பாடம் முழுவதையும் மனதில் ஏற்றிவைத்திருந்தாள். நல்ல ஞாபகசக்தி என்று பாராட்டி அடுத்த வகுப்புக்கு அனுப்பிவைத்தேன். சில வருஷம் கழித்து அம்மாவோடு கூடையைத் தூக்கிக்கொண்டாள் என்று கேள்விப்பட்டேன். அதே மலையில் 1991-ல் தேயிலை நிறுவனத்தின் ஆதரவில் சிருஷ்டி என்ற அமைப்பு தொடங்கியது. தோட்டத் தொழிலாளர் வீடுகளில் மாற்றுத்திறனோடு பிறந்த குழந்தைகளுக்குப் பள்ளி, வளர்ந்தவர்களுக்குக் கைக்காகிதம், இயற்கைச் சாயம், ஸ்ட்ராபெரி ஜாம் என்று கௌரவமான வேலை. அது எங்கள் மலைக்குக் கிடைத்த நல்ல விஷயங்களில் ஒன்று. ஆனால் கண்ணுக்குத் தெரியும் குறைக்குத்தான் கதவு திறக்கும். இந்தப் பெண்ணிடம் பார்க்க எந்தக் குறையும் இல்லையே.

டிஸ்லெக்சியா என்ற சொல்லை நான் ஒழுங்காகக் கற்றது சென்னையில். அங்கே 1990களின் தொடக்கத்திலேயே மெட்ராஸ் டிஸ்லெக்சியா அசோசியேஷன் உருவாகி, அதன் அனன்யா மையத்தில் குழந்தைகள் ஓரிரு வருஷம் முழுநேரமாகப் படித்துவிட்டுத் தங்கள் பள்ளிக்கே திரும்பும் முறை நடந்துவந்தது. இப்படிப்பட்ட ஒரு வகுப்பில் சில வாரம் உட்கார எனக்கும் வாய்ப்புக் கிடைத்தது. ஐந்து குழந்தைகள், ஓர் ஆசிரியை. உப்புத்தாளில் வெட்டிய எழுத்தை விரலால் தடவிக்கொண்டே ஒலியைச் சொல்கிறார்கள். சொல்லை அசையாக உடைத்துக் கைதட்டுகிறார்கள். தட்டில் மணல் பரப்பி எழுதுகிறார்கள். ஒரு வரி மட்டும் தெரிகிற மாதிரி ஜன்னல் வெட்டிய அட்டையை வைத்துப் படிக்கிறார்கள். மணலைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பும் துக்கமும் சேர்ந்து வந்தன. எங்கள் ஊரில் நிலத்தெழுத்து ஆசான் மணலில் விரலைப் பிடித்து, உரக்கச் சொல்லவைத்து எழுதப் பழக்கிய காலம் ஒன்று இருந்தது. கண், காது, வாய், விரல் நாலும் ஒரே நேரத்தில் எழுத்தைத் தொட்டன. அதை விட்டுவிட்டு முதல் நாளே பென்சிலைக் கொடுத்தோம்.

ஆனால் அந்த வகுப்பில் என்னை அதிகம் உலுக்கியது பாடம் இல்லை. ஒளிவதை அங்கே குழந்தைகள் மறந்துகொண்டிருந்தார்கள். புதிதாகச் சேர்ந்த பையன் தன் முறை வரும்போது பென்சில் முனையை உடைப்பான், வயிறு வலிக்கிறது என்பான், தப்பு தெரியாதபடி வேண்டுமென்றே கிறுக்குவான். இவை எல்லாமே என் தம்பி செய்தவை. சில நாளில் அந்தப் பையன் முதன்முறையாக, "மிஸ், இன்னொரு தடவை சொல்லுங்க" என்றான். ஆசிரியை சொன்னார். மறுபடி கேட்டான். மறுபடி சொன்னார். குரலில் ஏற்றமே இல்லை. முப்பத்தைந்து குழந்தைகள் இருக்கிற வகுப்பில் நான் யாருக்கும் ஒன்றை மூன்று முறை அதே குரலில் சொன்னதில்லை.

எங்கள் பக்கத்தில் அப்படி ஒரு பள்ளி வேண்டும் என்று பலரும் கேட்பார்கள். எனக்கும் ஆசைதான். ஆனால் ஒருநாள் கூலியை விட்டுவிட்டு மலையிறங்கிக் குழந்தையைக் கூட்டிவர எத்தனை தாய்மாரால் முடியும்? அந்த மணல் தட்டும் அந்தக் குரலும் சாதாரண வகுப்புக்குள் வர வேண்டும். சட்டம் வழிவிடுகிறது. 2016-ன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஏழாக இருந்த பட்டியலை இருபத்தொன்றாக்கியபோது கற்றல் குறைபாட்டையும் சேர்த்தது. தேர்வில் கூடுதல் நேரமும், சொல்லச் சொல்ல எழுத ஆளும் கிடைக்கின்றன. கூடுதல் நேரத்தைச் சலுகை என்று சொல்லும்போது எனக்கு வலிக்கும். நாலு மடங்கு உழைக்கிறவனுக்குக் கொஞ்சம் நேரம் தருவதற்குப் பெயர் சலுகையா?

2007-ல் 'தாரே ஜமீன் பர்' வந்த பிறகு பெற்றோர் பலர் இதைப் பற்றிப் பேசத் தொடங்கினார்கள். நல்லதுதான். ஆனால் அந்தப் படத்துச் சிறுவன் ஓவியத்தில் ஜெயிக்கிறான். "டீச்சர், எம் பையன் எதுல ஜெயிப்பான்?" என்று ஒரு தாய் கேட்டார். ஐன்ஸ்டீனுக்கும் இப்படித்தான் என்று ஆறுதல் சொல்கிறவர்களும் உண்டு. என் தம்பி எதிலும் ஜெயிக்கவில்லை. மட்டை உரிக்கிறான், லோடு ஏற்றுகிறான், மகளைக் கட்டிக்கொடுத்தான். அவனுக்காகக் காத்திருக்க அவன் மேதையாக இருந்திருக்க வேண்டுமா?

1991 ஏப்ரல் 18 அன்று கேரளம் முழு எழுத்தறிவு பெற்றதாக அறிவிக்கப்பட்டபோது அவனுக்கு 23 வயது. ஏழாம் வகுப்பு போனவன் என்பதால் எழுத்தறிவு வகுப்பில்கூட அவனுக்கு இடமில்லை. பஸ் போர்டைப் பக்கத்து ஆளிடம் கேட்பான், கண்ணாடி கொண்டுவரவில்லை என்பான். அவனிடம் கண்ணாடியே கிடையாது. நான் சென்னையிலிருந்து திரும்பிப் பல வருஷம் அவனிடம் எதுவும் சொல்லவில்லை. வயது போனவனுக்கு அவன் சிரமத்தின் பெயரைச் சொல்லி என்ன பயன் என்று எனக்கே காரணம் சொல்லிக்கொண்டேன். உண்மையில், பெயரைச் சொன்னால் ஸ்கேலைப் பற்றியும் பேச வேண்டிவரும் என்று பயந்தேன்.

போன வருஷம் மழைக்காலத்தில் ஒருநாள் திண்ணையில் உட்கார்ந்து அவனுக்குப் படித்துச் சொன்னேன். 1896-ல் பிரிங்கிள் மார்கன் என்ற இங்கிலாந்து மருத்துவர் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் எழுதியது. பெர்சி என்ற பதினான்கு வயதுப் பையன். கெட்டிக்காரன், விளையாட்டில் சளைக்காதவன், ஏழு வயதிலிருந்து பாடம் சொல்லிக்கொடுத்தும் படிக்க வரவில்லை. 749-ஐ 867-ஆல் பெருக்கச் சொன்னால் சட்டென்று சரியாகப் பெருக்கினான்.

"எவ்வளவு வருது?" என்றான் தம்பி.

போட்டுப் பார்த்துச் சொன்னேன். 6,49,383. தலையாட்டினான். பெர்சி தன் பெயரை எழுதும்போது எழுத்தை இடம் மாற்றி 'பிரெசி' என்று எழுதினான், ஒருமுறைக்கு மேல் சுட்டிக்காட்டிய பிறகுதான் தப்பு தெரிந்தது என்ற இடம் வந்தபோது தம்பி நிமிர்ந்து பார்த்தான். ரேஷன் கார்டு மனுவில் அவனும் தன் பெயரின் நடு எழுத்துகளை இடம் மாற்றியிருக்கிறான். திருப்பி அனுப்பினார்கள். நான்தான் திருத்திக்கொடுத்தேன்.

கொஞ்ச நேரம் மழையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அவனை அடிச்சாங்களாக்கா?"

நான் படித்ததில் அது இல்லை. "உன்னை நான் அடிச்சேன்" என்றேன். காய்ப்புக் காய்ச்சுத் தடித்த விரல்களை மடியில் கோத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"அந்தப் பேரு எழுதுற இடத்தை இன்னொரு தடவை படிங்கக்கா" என்றான்.

படித்தேன்.