சரீரத்தைச் செலவழிக்கலாமா?



ஐந்தாம் கற்பனை பிறர் உயிரை மட்டுமல்ல, நம் சொந்த உயிரையும் சரீரத்தையும் காக்கக் கட்டளையிடுகிறதென்று ஞானோபதேசத்தில் படித்திருக்கிறோம். அப்படியிருக்க, நல்ல காரியத்துக்காக ஒருவன் தன் சரீரத்தை நாள்தோறும் தேய்த்துக்கொள்வது புண்ணியமா, பாவமா? கனடா தேசத்து வாலிபர் ஒருவரை முன்னிட்டு இதை ஆலோசிப்போம்.

டெரி ஃபாக்ஸ் என்பது அவர் பெயர். 1977-ல், 18 வயதில், எலும்பில் புற்றுநோய் கண்டதால் அவருடைய வலது காலை முழங்காலுக்கு மேலே எடுத்துவிட்டார்கள். ஆஸ்பத்திரியில் அதே வியாதியால் துடித்த சிறுபிள்ளைகளின் முகங்களை அவரால் மறக்க முடியவில்லை. இந்நோயின் ஆராய்ச்சிக்குப் பணம் சேர்ப்பதற்காகக் கனடாவைக் குறுக்கே ஓடிக் கடப்பதென்று தீர்மானித்தார். 1980 ஏப்ரல் 12-ல், செயின்ட் ஜான்ஸ் நகரில் பொய்க்காலை அட்லாண்டிக் கடலில் நனைத்துவிட்டுப் புறப்பட்டார். நாளொன்றுக்குச் சுமார் 42 கிலோமீட்டர். பொய்க்காலின் வில்கள் மறுபடி நிலைக்கு வருமட்டும் நல்ல காலால் ஒரு தத்து அதிகமாய்த் தத்த வேண்டும். வெட்டுண்ட இடம் உராய்ந்து புண்ணாகி இரத்தம் கசியும். நல்ல காலின் முழங்கால் வீங்கும், நரம்பு இழுக்கும். பனிக்காற்றையும் மழையையும் சொல்ல வேண்டியதில்லை.

நம் சரீரம் நமக்குச் சொந்தமல்ல, சர்வேசுரன் நம்மிடம் ஒப்புவித்தது. மெய்தான். ஆனால் பெட்டியில் பூட்டிவைக்கும்படி அவர் ஒப்புவிக்கவில்லை. காய்ச்சலாய்க் கிடக்கும் பிள்ளையருகே பத்து இரவு கண்விழிக்கும் தாயும் தன் சரீரத்தைத்தான் செலவழிக்கிறாள். மொலோக்காய்த் தீவின் தொழுநோயாளருக்கு ஊழியஞ்செய்து, அந்நோயாலேயே 1889-ல் மரித்த தமியான் சுவாமியாரைத் திருச்சபை 2009-ல் அர்ச்சியசிஷ்டர் பட்டத்துக்கு உயர்த்தியது. வேதனையையே நாடுவது வேறு. பிறருக்கு நன்மை செய்யப் போன வழியில் வந்த வேதனையைச் சகிப்பது வேறு. டெரி பின்னதைச் செய்தாரென்றே எண்ணுகிறேன்.

ஆயினும் அவர் செய்ததெல்லாம் சரியென்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஓய்வெடு என்றால் கேட்கமாட்டார். ஒழுங்காய் வைத்தியப் பரிசோதனை செய்துகொள் என்றாலும் கேட்கவில்லை. விவேகம் என்கிற புண்ணியம் தைரியத்துக்குச் சத்துருவல்ல, அதற்குக் கடிவாளம்.

இன்னொரு காரியம், நம் குடும்பங்கள் கவனிக்கத்தக்கது. சரீரம் நைந்தபோது அவர் மனமும் நைந்தது. சிநேகிதர் டக் ஆல்வர்ட் வண்டியோட்டிக்கொண்டு மைலுக்கு மைல் முன்னே போய்க் காத்திருப்பார். டெரியின் கோபமெல்லாம் விழுந்தது அவர்மேல்தான். ஹாலிபாக்ஸ் சேருமுன்னே இருவருக்கும் பேச்சுவார்த்தை அற்றுப்போகும் நிலை வந்து, நடுவே இருக்கும்படி டெரியின் 17 வயதுத் தம்பி டாரல் வரவழைக்கப்பட்டார். ஊருக்காக உழைக்கிற தகப்பன் வீட்டில் எரிந்து விழுகிறார். கோவில் காரியமென்று ஓடியாடும் தாய் பிள்ளைகளிடம் சிடுசிடுக்கிறாள். நாம் செய்யும் தியாகத்தின் கிரயத்தில் பாதியை நம்மோடிருப்பவர்கள் செலுத்துகிறார்கள். அவர்களைக் கேளாமலே செலுத்த வைக்கிறோம். வண்டியில் காத்திருந்தவருக்கு யாரும் கைதட்டவில்லை. அவர் விட்டுப் போகவுமில்லை.

1980 செப்டம்பர் 1-ல், 143-ம் நாள், தண்டர் பே நகருக்கருகில் டெரிக்கு இருமலும் நெஞ்சுவலியும் கண்டது. அதுவரை ஓடியது 5,373 கிலோமீட்டர். புற்றுநோய் நுரையீரலுக்குப் பரவியிருந்தது. அடுத்த பெப்ருவரிக்குள் சேர்ந்த பணம் கனடா ஜனங்களுக்குத் தலைக்கு ஒரு டாலர் கணக்கில் 2 கோடியே 40 லட்சத்தைத் தாண்டிற்று. 1981 ஜூன் 28-ல், 23 வயது நிறைய ஒரு மாதம் இருக்கையில், டெரி மரித்தார்.

அந்தக் கடைசி நாளில், சாலையோரம் ஜனங்கள் நின்று ஆரவாரம் செய்ததால் வலியோடேயே ஓடிக்கொண்டிருந்தார். பிறகு வண்டியில் ஏறி, தம்மை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும்படி டக்கைக் கேட்டுக்கொண்டார்.