ஒரே வானம், இரண்டு கூலி

ஒருவனுடைய கூலியை அவன் செய்யும் வேலையைக் கொண்டு அளப்பது நியாயமா, அன்றி அவன் பெயர் எந்தக் கம்பெனியின் பட்டியலில் எழுதப்பட்டிருக்கிறது என்பதைக் கொண்டு அளப்பது நியாயமா? முன்னதே நியாயம் என்று எவரும் தயங்காது விடையிறுப்பர். ஆயினும் உலக நடப்போ பின்னதையே தழுவி நிற்கின்றது. இதற்கு அமெரிக்க ஐக்கிய நாட்டு ஆகாய விமானிகளின் வரலாறு தெளிவானதொரு சான்றாகும். விமானி என்றதும் பெருஞ்சம்பளக்காரன் என்றும், அவன் குறை நமக்கென்ன என்றும் கேட்கும் அன்பர்கள், இதனை முற்றும் படித்த பின்னர்த் தீர்ப்புக் கூறுமாறு வேண்டுகிறோம்.

அந்நாட்டில் டெல்டா, யுனைட்டெட், அமெரிக்கன் முதலிய பெரிய கம்பெனிகள் பெருநகரங்களுக்கிடையே தங்கள் சொந்த விமானங்களைச் செலுத்துகின்றன. சிற்றூர்களுக்குச் செல்லும் சிறு விமானங்களையோ பெரும்பாலும் வேறு சிறு கம்பெனிகள் ஒப்பந்தத்தின் பேரில் செலுத்துகின்றன. பயணச்சீட்டில் காணும் பெயர் பெரிய கம்பெனியுடையது. விமானத்தின்மேல் தீட்டிய வண்ணமும் அதனுடையதே. உள்ளே அமர்ந்து ஓட்டுபவன் மட்டும் சிறிய கம்பெனியின் ஆள். அவன் கூலியும் சிறிய கூலி. முன்னாளில் இச்சிறு விமானங்கள் சுழல்விசிறியால் இயங்கிக் குறுந்தூரமே சென்றன. 1990-களில் கனடா நாட்டுப் பம்பார்டியரும் பிரேசில் நாட்டு எம்பிரேயரும் ஐம்பது பேர் அமரத்தக்க சிறிய ஜெட் விமானங்களைச் செய்து விற்கத் தொடங்கவே நிலைமை மாறிற்று. பெரிய விமானம் சென்ற பாதையிலேயே சிறிய ஜெட்டும் செல்லலாயிற்று.

பெரிய கம்பெனியின் விமானிகள் இதுகண்டு அஞ்சினர். அவர்கள் அஞ்சியதில் தவறில்லை. தங்கள் தொழில் ஒப்பந்தத்தில் அவர்கள் கொண்டிருந்த காப்பு ஒரு வரம்பு விதி. இத்தனை இருக்கைக்கு மேற்பட்ட ஜெட்டை வெளிக்கம்பெனியிடம் கொடுத்தல் ஆகாது என்பது அதன் சாரம். விதி நல்லதே, ஆனால் அது நின்ற இடத்தில் நிற்கவில்லை. ஐம்பது இருக்கை என்றிருந்த வரம்பு எழுபதாயிற்று; பின்னர் பெரிய கம்பெனிகளில் 76 ஆயிற்று. முதலாளி நெருக்கும்போதெல்லாம், பெரிய விமானத்தின் சம்பளத்தைக் காத்துக்கொள்ளச் சிறிய விமானத்தின் வேலை விட்டுக்கொடுக்கப்பட்டது. வேலிக்குள் நம் கூலி நிலைக்கட்டும், வேலிக்கு வெளியே நிற்பவன் தன் பாட்டைத் தானே பார்த்துக்கொள்ளட்டும் என்பதே இதன் உட்பொருள்.

வெளியே நின்றவன் யார்? அவனும் அதே அரசாங்கத்தின் உரிமச்சீட்டைப் பெற்றவன். அதே மேகத்தினூடும் அதே பனியினூடும் விமானம் செலுத்துபவன். அவனுக்குக் கூலி பெரும்பாலும் விமானம் நகரும் நேரத்துக்கே உண்டு. நிலையத்தில் காத்துக்கிடக்கும் நேரத்துக்கு இல்லை. வேறு கம்பெனிக்குப் போவோம் என்றாலோ, அங்கே எத்தனை ஆண்டு அனுபவசாலியும் பட்டியலின் கடைசி ஆளாகவே சேர வேண்டும். கூலியும் அடியிலிருந்தே தொடங்கும். ஆதலின் கம்பெனி மூடப்பட்டால் அவனுடைய பல்லாண்டு உழைப்பும் அத்துடன் கரைந்துபோகிறது.

2001 மார்ச் 26-ஆம் நாள் டெல்டாவுக்குச் சொந்தமான கோமேர் என்னும் சிறு கம்பெனியின் விமானிகள் வேலைநிறுத்தம் செய்தனர். அது 89 நாள் நீடித்தது. டெல்டா விமானிகளும் கோமேர் விமானிகளும் ஒரே சங்கத்தின் அங்கத்தினர் என்பதை இங்கு நினைவிற் கொள்ளல் வேண்டும். சங்கம் ஒன்று; பட்டியல் இரண்டு; கூலியும் இரண்டு. கோமேர் விமானிகள் சிலர் அச்சங்கத்தின் மீதே வழக்குத் தொடுத்தனர். அண்ணனும் தம்பியும் ஒரே வீட்டிலிருந்து வழக்காடும் நிலை வந்ததெனில், குற்றம் முதலாளியுடையது மட்டுமோ?

நிற்க, வேலிக்கு உள்ளே இருந்தவர் கதையையும் காண்போம். 2001 செப்டம்பர்த் தாக்குதலுக்குப் பின் விமானத் தொழில் சரிந்தது. ஆயிரக்கணக்கான விமானிகள் வேலையிழந்தனர். 2002-இல் யு.எஸ். ஏர்வேசும் யுனைட்டெட்டும், 2005-இல் டெல்டாவும் நார்த்வெஸ்டும் திவால் நீதிமன்றம் புகுந்தன. யு.எஸ். ஏர்வேசில் வேலையிழந்த மூத்த விமானிகளுக்குச் சிறிய ஜெட்டுகளில், சிறிய கூலிக்கு, இடம் ஒதுக்க ஏற்பாடாயிற்று. தம்பிக்கு என்று விட்ட கூலியை அண்ணனே வாங்கும்படி நேர்ந்தது. 2009 ஜனவரி 15-இல் நியூயார்க் ஹட்சன் ஆற்றில் விமானத்தை இறக்கி 155 உயிர்களைக் காத்த செஸ்லி சல்லன்பெர்கரை உலகம் புகழ்ந்தது. அவர் மறுமாதமே நாடாளுமன்றக் குழுவின் முன் நின்று, தம் சம்பளம் நாற்பது சதவீதம் குறைக்கப்பட்டதையும் ஓய்வூதியம் பறிபோனதையும் எடுத்துரைத்தார்.

அதற்குச் சில நாட்களுக்கு முன், பிப்ரவரி 12-ஆம் நாள் இரவு, பஃபலோ நகரருகே ஒரு சிறு விமானம் வீழ்ந்தது. விமானத்திலிருந்த 49 பேரும் தரையில் ஒருவரும் மாண்டனர். பயணிகள் வாங்கிய சீட்டில் இருந்த பெயர் காண்டினென்டல். விமானத்தை ஓட்டியது கோல்கன் என்னும் சிறு கம்பெனி. துணை விமானியாகிய பெண்மணியின் ஆண்டுச் சம்பளம் ஏறக்குறைய 16,000 டாலர் என்று பகிரங்க விசாரணையில் பேசப்பட்டது. அவர் நாட்டின் மேற்குக் கரையிலிருந்து இரவெல்லாம் பயணஞ் செய்து கிழக்குக் கரையில் வேலைக்கு வந்தவர். விபத்துக்குக் காரணம் தலைமை விமானியின் தவறான செய்கை என்றே விசாரணை மன்றம் முடிவு செய்தது. சோர்வு விமானிகளின் திறனைக் குறைத்திருக்கக்கூடும், எந்த அளவுக்கு என்று அறுதியிட இயலாது என்றும் அது கூறிற்று. குறைந்த கூலியே விபத்தை விளைத்தது என்று நாமும் சொல்லோம். ஆனால் ஐம்பது உயிரைக் கையில் கொள்பவருக்கு வேலைக்களத்தருகே ஒரு படுக்கைக்கு வழியில்லாத கூலி கொடுப்பது எந்த நீதி என்று கேட்காதிருத்தல் இயலுமோ?

சிறிய விமானத்தின் வருமானம் சிறிது, ஆதலின் கூலியும் சிறிது என்பர் சிலர். சிறிது வேறுபாடு இருக்கட்டும். ஆனால் ஐம்பது பேரைக் கொல்லும் தவறு நூற்றைம்பது பேரைக் கொல்லும் தவறினும் எளிதாக மன்னிக்கத்தக்கதோ? தெரிந்தே ஒப்புக்கொண்டவன் முறையிடலாமா என்பர் வேறு சிலர். பயிற்சிக் கடன் கழுத்தை நெரிக்க, வேறு வாயிலின்றி இடும் கையொப்பத்தை முழுச் சம்மதம் என்று கொள்வது, பசித்தவன் விற்ற தாலியை நன்கொடை என்பதை ஒக்கும்.

2010-இல் அமெரிக்க நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது. அதன்படி 2013 முதல் துணை விமானிக்கும் பொதுவாக 1,500 மணி நேரப் பறத்தல் அனுபவம் வேண்டியதாயிற்று. நோய்த்தொற்றுக் காலமாகிய 2020-இல் டிரான்ஸ் ஸ்டேட்ஸ், காம்பஸ், எக்ஸ்பிரஸ்ஜெட் ஆகிய சிறு கம்பெனிகள் மூடப்பட்டன. பின்னர்ப் பயணிகள் திரும்பியபோது விமானிகள் போதவில்லை. 2022-இல் அமெரிக்கன் கம்பெனிக்குச் சொந்தமான சிறு கம்பெனிகள் புதிய துணை விமானிக்கு, தற்காலிகக் கூடுதலையும் சேர்த்து, மணிக்கு 90 டாலர் கொடுக்க முன்வந்தன. பல்லாண்டு இயலாது என்றது ஒரு கோடையில் இயன்றது. முதலாளியின் மனம் கனியவில்லை. ஆள் கிடைக்கவில்லை, அவ்வளவே. ஆள் மிகுந்தால் அந்தக் கூலி நிற்குமா என்பதற்கு உறுதி ஏதும் இல்லை.

இதனைத் தோட்டத்தில் இருந்து எழுதும் நமக்கு இந்தக் கதை புதிதன்று. ஆபீசு மேசையில் நாம் எழுதும் பேர்ப்பட்டியலும் இரண்டு: தோட்டத்து ஆள் ஒன்று, காண்டிராக்டர் ஆள் ஒன்று. வேலை ஒன்றே, வெயிலும் ஒன்றே. இரண்டாம் பட்டியலைக் கூட்டி முடித்து, நம் சம்பளம் குறையவில்லை என்று மனநிறைவோடு வீடு திரும்பிய மாலைகள் நமக்கும் உண்டு. பிறப்பினால் மேல் கீழ் என்று பிரிப்பது அநீதி என்று மேடையில் முழங்கும் நாம், பட்டியலினால் மேல் கீழ் என்று பிரிப்பதைக் கணக்கு என்று ஒப்புக்கொள்கிறோம்.

தன் கூலியைக் காத்துக்கொள்ளும் உரிமை ஒவ்வொருவனுக்கும் உண்டு. அடுத்தவன் கூலியைக் குறைக்கச் சம்மதித்து அதனைக் காத்துக்கொள்ளும் உரிமை எவனுக்கும் இல்லை. ஆகவே, தோழர்களே, அடுத்த ஒப்பந்தம் பேச நம் சங்கம் உட்காரும்போது, நமக்கு எவ்வளவு கூடும் என்று கேட்குமுன், இரண்டாம் பட்டியலில் உள்ளவனுக்கு என்ன கிடைக்கும் என்று முதலில் கேட்போமாக.