மலையேற்றமும் காலவரம்பும்

மலைவழி மிதிவண்டிப் பந்தயத்தில் பிந்தி வருவோரை வெளியேற்றும் காலவரம்பு முறையானதுதானா என்னும் வினா விளையாட்டோடு முடிவதன்று. ஆற்றலில் வேறுபட்டோரை ஒரே அளவுகோலால் அளக்கலாமா என்பதே அதன் உட்பொருள்.

தருமபுரியிலிருந்து வத்தல்மலைக்கு ஏறும் சாலையின் கொண்டை ஊசி வளைவுகளைக் கண்ட அன்பர்களுக்கு இது எளிதில் விளங்கும். அடிவாரச் சமவெளியில் திரண்ட தசைவலிமை உடையவர் முந்துவார். ஏற்றம் தொடங்கியதும் அவ்வுடலே அவருக்குச் சுமையாகும். 60 கிலோ எடையுள்ளவர் இலகுவாக ஏற, 80 கிலோ எடையுள்ளவரோ வளைவுக்கு வளைவு 20 கிலோவைக் கூடுதலாகத் தூக்கிச் செல்கிறார்.

மூன்று வாரங்களில் 21 கட்டங்களாக நடைபெறும் டூர் டி பிரான்ஸ் பந்தயத்தில், சமவெளிக் கட்டங்களின் இறுதிச் சில நூறு மீட்டரில் பாய்ந்து வெல்லும் வீரர்களின் நிலை இதுவே. ஒவ்வொரு கட்டத்திலும் முதலில் வந்தவரின் நேரத்தோடு, அதன் ஒரு விழுக்காட்டுப் பகுதியைக் கூட்டி வரம்பு வகுப்பர். கட்டம் கடினமாயின் விழுக்காடு மிகும். அன்றைய வேகம் கூடினும் மிகும். விதி செய்தோர் மலையை மறந்தாரல்லர்.

வரம்பே வேண்டா என்பாரும் உளர். நாம் அதற்கு உடன்படவில்லை. வரம்பின்றேல் பாய்ச்சல் வீரர் ஒருவர் மலையில் மெல்ல உருட்டி வந்து, இளைப்பாறிய கால்களோடு மறுநாட் சமவெளியில் வெல்லக்கூடும். மலையிலும் வருந்தி முயன்ற மற்றொரு பாய்ச்சல் வீரருக்கு அது அநீதியன்றோ? கணக்கில் வல்ல மாணவனைத் தமிழிலும் முதல் மதிப்பெண் பெறுமாறு நாம் கேட்டதில்லை. தேர்ச்சி பெறுமாறே கேட்டோம்.

நம்மை உறுத்துவது வரம்பன்று, மன்னிப்பு வழங்கப்படும் முறையே. 2001இல் பொந்தார்லியே கட்டத்தில், மழையினூடே 14 பேர் 35 நிமிடங்களுக்கும் மேலாக முந்திவிட, பின்வந்த பெருங்கூட்டம் முழுவதும் வரம்பைத் தாண்டியது, மன்னிக்கப்பட்டது. 2011இல் கலிபியே மலையில் மார்க் கேவண்டிஷ் உள்ளிட்ட 88 பேர் பிந்தினர். அவர்களையும் போட்டியில் தொடரவிட்டு, 20 புள்ளிகளைக் கழித்தனர். புள்ளிகளுக்குரிய பச்சைச் சட்டைக்காகப் போராடிய கேவண்டிஷுக்கு அது வலித்திருக்கும். (சட்டையை அவரே வென்றார் என்பது வேறு.) புள்ளிக் கணக்கில் இல்லாத ஏனையோர்க்கோ அது தண்டனையே அன்று! 2018இல் லா ரோசியேர் மலைக்கட்டத்தில் அதே கேவண்டிஷும் மார்செல் கிட்டெலும் பிந்தியபோது இருவரும் வெளியேற்றப்பட்டனர். அது 108 கிலோமீட்டர் அளவே உள்ள குறுங்கட்டம். நேரம் குறைந்தால் விழுக்காடு தரும் நிமிடங்களும் குறையும்.

கூட்டமாய்ப் பிந்தினோர்க்கு மன்னிப்பு, தனியே பிந்தினோர்க்கு வெளியேற்றம். இதில் ஒரு நியாயம் இல்லாமலில்லை. வகுப்பில் பாதிப்பேர் தோற்றால் வினாத்தாளை ஐயுறுவது ஆசிரியர் கடமை. ஆயினும் 88 பேரை அனுப்பிவிட்டால் பந்தயமே வெறிச்சோடும் என்ற கணக்கும் அங்கே இருந்திருக்குமெனில், அதற்குக் கருணை என்று பெயரிடலாகாது.

தக்க காரணம் கருதி வரம்பை நீட்ட நடுவர்களுக்கு விதி இடந்தருகிறது. 2021இல் தீஞ் மலைக்கட்டத்தில் தென்னாப்பிரிக்க வீரர் நிக் டிலாமினி கீழே விழுந்தார். வரம்பு கடந்துவிட்டதை அறிந்தும் வண்டியை விட்டிறங்காமல், வென்றவருக்கு ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம் கழித்து எல்லைக்கோட்டை அடைந்தார். அவருக்கு விலக்கில்லை. விழுந்தவரையும் சோம்பியவரையும் ஒரே கடிகாரம் அளந்தது. எத்தனை பேர் என்று எண்ணுவதற்கு முன், ஏன் பிந்தினர் என்று கேட்டிருக்க வேண்டும் என்பதே நம் கருத்து.

2024ஆம் ஆண்டுப் பந்தயத்தின் முதல் நாளிலேயே கேவண்டிஷ் கடும் வெப்பத்தால் வாந்தியெடுத்துப் பின்தங்கினார். அணித்தோழர் சிலர் தம் இடத்தைப் பொருட்படுத்தாது உடன் நின்று, வரம்புக்குள் அவரைக் கொண்டுவந்து சேர்த்தனர். நான்கு நாள் கழித்து அவர் பெற்றது தம் 35ஆவது கட்ட வெற்றி. எடி மெர்க்ஸின் 34 அன்று பின்தள்ளப்பட்டது.